பாதரசத்தைத் தொடாமல் தண்ணீரில் ஈயம் பார்க்க வழி இருக்கிறதா? (மூன்றாம் ஆண்டு பிராக்டிகலுக்கு)

செக்காலை_வேதியியல்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டு பிராக்டிகலில் தண்ணீரில் இருக்கும் கொஞ்சூண்டு உலோகத்தை மின்வேதியியல் முறையில் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு எங்களிடம் இருப்பது பாதரசச் சொட்டு எலக்ட்ரோடுதான். நான் படித்தபோதும் அதுதான், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் படித்தபோதும் அதுதான்.

போன மாதம் ஒரு பையன் ஸ்டாண்டை நகர்த்தும்போது பாதரசக் குடுவையின் ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. கொட்டியது என்னவோ ஒரு கரண்டி அளவுதான். ஆனால் எங்கள் ஆய்வகத் தரை பழைய காலத்துக் கல் தரை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. பையன்களை வெளியே அனுப்பி, ஜன்னலெல்லாம் திறந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தால் மேசைக்கு அடியில் பத்தடி தூரத்துக்கு மணி மணியாக மின்னுகிறது. ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, மிச்சத்துக்குக் கந்தகப் பொடி தூவி, இரண்டு நாள் அறையைப் பூட்டிவைத்தோம். எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். சித்திரை மாதம் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே பாதரசத்தை மூட்டை கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்றுதான் தெரியவில்லை. கிளாஸி கார்பன் (கண்ணாடி மாதிரி இறுகிய கார்பன்) எலக்ட்ரோடு ஒன்றின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன், முப்பது பிள்ளைகளுக்கு ஒன்றை வைத்து என்ன செய்வது. ஒரு பொட்டென்ஷியோஸ்டாட் (எலக்ட்ரோடுக்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கிற கருவி) இருக்கிறது, பழசுதான், ஸ்கொயர் வேவ் (மின்னழுத்தத்தைச் சதுர அலையாக ஏற்றுகிற முறை) ஓடும். நைட்ரஜன் சிலிண்டர் காலியாகி ஆறு மாதம் ஆகிறது.

பிள்ளைகள் சோதிக்க ஆசைப்படுவது இரண்டு சாமான்கள். ஒன்று அவரவர் ஊர் ஊருணித் தண்ணீர். இன்னொன்று ஈயச்சொம்பு. ஒரு பெண் தன் ஆயா வீட்டிலிருந்து சொம்பையே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டாள், ஆயாவுக்குக் கல்யாணச் சீரில் வந்ததாம்.

சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை) பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை இணையத்தில் வந்து கேட்கிறாயே என்று யாரும் சிரிக்க வேண்டாம். அங்கேயும் கேட்பேன். முதலில் முட்டாள்தனமான கேள்விகளை இங்கே கேட்டு முடித்துக்கொள்கிறேன்.

பென்சில்_முனை

பிஸ்மத். வேறு எதையும் தேட வேண்டாம், உங்கள் தேவைக்கு இதுதான்.

2000-ஆம் ஆண்டு ஜோசப் வாங் குழுவினர் பாதரசப் படலத்துக்குப் பதிலாகக் கார்பன்மேல் பிஸ்மத் படலம் பூசி ஈயம், காட்மியம், துத்தநாகம் மூன்றையும் பார்க்கலாம் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையில் பாதி ஆட்கள் பிஸ்மத் பக்கம் வந்துவிட்டார்கள். காரணம் சிக்கலானது இல்லை. பாதரசம் இந்த உலோகங்களைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது, பிஸ்மத் இவற்றோடு உலோகக் கலவை மாதிரி சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் ஹைட்ரஜன் சுலபத்தில் குமிழி விடாது, அதனால் நல்ல எதிர் மின்னழுத்தம் வரை போக முடிகிறது. தனிம வரிசை அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த வீடு பிஸ்மத், 82-க்குப் பக்கத்தில் 83. ஆனால் குணம் வேறு, வயிற்றுப் புண்ணுக்கே பிஸ்மத் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆவியாகும் கவலையும் கிடையாது.

கிளாஸி கார்பன் வேண்டாம். கடையில் புஷ் பென்சிலுக்கு விற்கிற 0.5 மி.மீ. லீட் வாங்குங்கள், எச்பி அல்லது 2பி. பென்சில் லீடில் ஈயம் கிடையாது, கிராஃபைட்தான், முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பென்சில் முனைமேல் பிஸ்மத் பூசி அளப்பது 2004-லேயே ஆய்வாக வெளிவந்த விஷயம், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. லீடைப் பென்சிலோடே பயன்படுத்துங்கள், உள்ளே உலோகக் கவ்வி இருக்கிற பென்சிலாகப் பார்த்து, கவ்வியில் ஒரு கம்பியைச் சேர்த்துவிட்டால் மின்தொடர்பு கிடைத்துவிடும். முதலைக் கிளிப்பை நேரே லீடில் மாட்டினால் பட்டென்று ஒடியும். கரைசலுக்குள் சரியாக 10 மி.மீ. மட்டும் நனையும்படி மேற்பகுதிக்கு நகப்பூச்சு அடித்துவிடுங்கள். பரப்பு கிட்டத்தட்ட 0.16 சதுர செ.மீ., பிள்ளைகளையே கணக்குப் போட விடலாம்.

இனி கரைசல். அசிட்டேட் பஃபர் (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கிற கரைசல்), 0.1 மோலார், பிஎச் 4.5. ஒரு லிட்டருக்கு சோடியம் அசிட்டேட் டிரைஹைட்ரேட் 4.8 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 3.7 மி.லி. போட்டால் பக்கத்தில் வந்துவிடும், மீதியை மீட்டரில் பார்த்துச் சரி செய்யுங்கள். பிஸ்மத்துக்கு பிஸ்மத் நைட்ரேட் பென்டாஹைட்ரேட் 0.232 கிராமை 100 மி.லி.யில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மி.கி. ஆனால் நேரே தண்ணீரில் போட்டீர்கள் என்றால் பால் மாதிரி வெளுத்து அடியில் தங்கிவிடும். முதலில் 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்து அதில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் 100-க்குக் கொண்டுவர வேண்டும். நான் முதல் தடவை இதைத் தெரியாமல் ஒரு வாரம் ரசாயனம் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டு, 10 மி.லி. மாதிரிக்கு 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் பிஸ்மத் ஆகிவிடும். படலத்தைத் தனியாகப் பூச வேண்டியதில்லை, மாதிரிக்குள்ளேயே பிஸ்மத்தும் இருப்பதால் ஈயமும் அதுவும் சேர்ந்தே லீடின்மேல் படியும். கலக்கிக்கொண்டே −1.2 வோல்ட்டில் 120 விநாடி, கலக்குவதை நிறுத்தி 15 விநாடி சும்மா விட்டு, ஸ்கொயர் வேவில் −0.3 வரை மேலே வாருங்கள். படிந்த உலோகம் திரும்பக் கரையும்போது மின்னோட்டம் ஒரு மேடாக (பீக்) எழும்பும், காட்மியம் இருந்தால் −0.8 பக்கம், ஈயம் −0.55 பக்கம். துத்தநாகமும் வேண்டும் என்றால் −1.4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் +0.3 வோல்ட்டில் அரை நிமிடம் கலக்கினால் பழைய பிஸ்மத் எல்லாம் கரைந்து லீடு சுத்தமாகிவிடும்.

இன்னொரு சந்தோஷச் செய்தி, நைட்ரஜன் சிலிண்டரை மறந்துவிடுங்கள். பிஸ்மத்தில் ஸ்கொயர் வேவ் ஓட்டும்போது கரைந்த ஆக்சிஜன் பெரிய தொந்தரவு கொடுக்காது. பாதரசத்துக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் பத்து நிமிடம் குமிழி விட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் மிச்சம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

எல்லாம் சரி, ஆனால் பாதரசத்தை வில்லனாக்கிப் பேசுவதைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. 1922-இல் பிராகில் ஹெய்ரோவ்ஸ்கி அந்தச் சொட்டைக் கண்டுபிடித்திராவிட்டால் இந்தத் துறையே கிடையாது, 1959-இல் அதற்குத்தான் நோபல் கொடுத்தார்கள். சொட்டுக்குச் சொட்டு புத்தம் புதிய பரப்பு, முந்தின அளவீட்டின் அழுக்கு எதுவும் ஒட்டாது. பென்சில் லீடில் இது வருமா? ஒரு லீடுக்கும் அடுத்த லீடுக்கும் பீக்கின் உயரம் மாறும், அப்போது பிள்ளைகள் எதை நம்புவார்கள்? நாங்கள் இல்கோவிச் சமன்பாட்டை (பாதரசச் சொட்டில் ஓடும் மின்னோட்டத்தின் கணக்கை) கண்ணால் பார்த்துப் படித்தோம், குடுவையை உயர்த்தினால் மின்னோட்டம் கூடும், இறக்கினால் குறையும். முப்பத்திரண்டு வருடம் நடத்தினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பென்சில்_முனை

ஐயா, பாதரசத்தைவிட நல்ல பரப்பு கிடையாது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. லீடுக்கு லீடு மாறும் என்பதும் உண்மைதான், பத்து பதினைந்து சதவீதம் சாதாரணமாக வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் யாரும் ஒரு அளவுக்கோடு வரைந்து வைத்துக்கொண்டு எல்லா லீடுக்கும் அதையே காட்டக் கூடாது, ஒவ்வொரு லீடுக்கும் ஸ்டாண்டர்டு அடிஷன் செய்ய வேண்டும். 10 மி.லி. மாதிரியில் முதலில் ஒரு ஓட்டம், அப்புறம் லிட்டருக்கு 1 மி.கி. ஈயக் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் விட்டு ஒன்று, மறுபடி 100 விட்டு ஒன்று, மறுபடி ஒன்று. ஒவ்வொரு தடவையும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும். கோட்டைப் பின்னால் நீட்டினால் மாதிரியில் இருந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பரப்பு மாறினாலும் நீட்டிய கோடு அதே இடத்தில்தான் வெட்டும். சொல்லப்போனால் நிஜ மாதிரியில் ஏன் ஸ்டாண்டர்டு அடிஷன் என்பது பாதரசத்தில் நடத்தியபோது யாருக்கும் உறைத்ததே இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற வாதத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 20 டிகிரியில் பாதரச ஆவி நிறைந்த காற்றில் கன மீட்டருக்கு சுமார் 13 மி.கி. பாதரசம் இருக்கும். வேலை செய்யும் இடத்தில் சராசரியாக 0.025-க்கு மேல் போகக் கூடாது என்று தொழில் சுகாதாரக்காரர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் அறை 20 டிகிரியிலா இருக்கிறது?

வெள்ளிக்_கம்பி

முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடம் இதே வேலை செய்தவள், இப்போது தேவகோட்டையில் பள்ளியில் இருக்கிறேன். பென்சில்_முனை சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

செக்காலை சார், உங்கள் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கிற மாறாத எலக்ட்ரோடு) என்ன? கலோமல் என்றால் உள்ளே இருப்பது பாதரசமும் பாதரசக் குளோரைடும்தான். சொட்டை ஒழித்துவிட்டோம், பாதரசம் இல்லாத ஆய்வகம் என்று போர்டு மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை வைத்திருக்கிற கல்லூரிகள் எனக்குத் தெரிந்து நாலு. கீழே விழுந்தால் அதுவும் உடையும்தானே.

வெள்ளி / வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடு நாமே செய்யலாம். நகை வேலை செய்யும் பத்தரிடம் ஒரு மி.மீ. கனத்தில் பத்து செ.மீ. வெள்ளிக் கம்பி கேளுங்கள். சுத்த வெள்ளி என்று அழுத்திச் சொல்லுங்கள், கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நிறுத்தி, ஒரு டார்ச் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தைக் கம்பிக்கும் நெகட்டிவ் பக்கத்தை ஒரு பென்சில் லீடுக்கும் கொடுத்தால் சில நிமிடங்களில் கத்தரிப்பூ கலந்த சாம்பல் நிறம் ஏறிவிடும். அதுதான் வெள்ளிக் குளோரைடு. இதை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு ஊற்றிய சிறு கண்ணாடிக் குழாயில் வைத்து, குழாயின் அடியை அகர் வைத்து அடைத்துவிடுங்கள். அகர் என்றால் பயந்துவிடாதீர்கள், மளிகைக் கடையில் கிடைக்கிற சைனா கிராஸ்தான், பொட்டாசியம் குளோரைடு கரைசலிலேயே காய்ச்சி ஊற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு இது ஒரு முழு வகுப்பு, என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்தார்கள்.

இரண்டாவது, எலக்ட்ரோடு பாதுகாப்பானது என்பதால் சோதனை முழுக்கப் பாதுகாப்பானது ஆகிவிடாது. அளக்கிற 10 மி.லி.யில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் மொத்தமே அரை மைக்ரோகிராம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அலமாரியில் இருக்கிற, லிட்டருக்கு 1000 மி.கி. ஈயம் உள்ள ஸ்டாக் கரைசல்தான் ஆபத்து. அதை ஆசிரியர் மட்டும் கையாண்டு, நீர்த்த கரைசலை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிற வழக்கம் உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். காட்மியத்தை இளநிலைப் பாடத்தில் இருந்து எடுத்துவிடுவதே என் கட்சி. பீக் அழகாக வரும் என்பதற்காக ஒரு புற்றுநோய்க் காரணியை முப்பது பேர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. ஈயமும் துத்தநாகமும் போதும். மிச்சக் கரைசல் எல்லாம் மூடி போட்ட கேனுக்கு, தொட்டியில் ஊற்றக் கூடாது, அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாது.

பிஸ்மத்தால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஏமாந்துபோகாதீர்கள். பிஸ்மத் தானே −0.2 வோல்ட் பக்கத்தில் கரைய ஆரம்பித்துவிடும். அதற்கு மேலே வருகிற பாதரசம், ஆர்சனிக் எல்லாம் இதில் பார்க்க முடியாது, அவற்றுக்குத் தங்க எலக்ட்ரோடு. செம்பும் பிஸ்மத்தும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். மாதிரியில் செம்பு நிறைய இருந்தால் அது லீடின்மேல் இடம் பிடித்துக்கொண்டு ஈயத்தின் பீக்கையே அமுக்கிவிடும். ஊருணித் தண்ணீருக்கு இது பிரச்சினை ஆகாது. யாராவது பித்தளைக் குடத்தைச் சோதிக்கிறேன் என்று கிளம்பினால் பிரச்சினைதான். ஆன்டிமனிப் படலம் என்று ஒன்று 2007-இல் வந்தது, அமிலம் அதிகமாக இருக்கிற கரைசலில் பிஸ்மத்தைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆன்டிமனி உப்புகள் பிஸ்மத் அளவுக்குச் சாது இல்லை, படிப்பிக்கிற இடத்தில் அது வேண்டாம்.

மானகிரி_தம்பி

சார் ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமப்படுவதற்கு ஏஏஎஸ் (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவிக்கு அனுப்பிவிட்டால் ஒரு நாளில் எண் வந்துவிடுமே? நான் எம்.எஸ்ஸி. படிக்கிறேன், எங்கள் புராஜெக்டுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

வெள்ளிக்_கம்பி

எண் வந்துவிடும் தம்பி. அந்த எண் எப்படி வந்தது என்று உங்கள் வைவாவில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

(கிண்டல் இல்லை, கருவி கிடைத்தால் ஒரு மாதிரியை அங்கேயும் அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பென்சில் லீடு எவ்வளவு நெருங்குகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.)

செக்காலை_வேதியியல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் தேர்வு.

முதலில் கலோமல் விஷயம். கேட்டதும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஐந்து கலோமல் இருந்தன. எல்லாவற்றையும் பாதரசக் குப்பியோடு சேர்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டிவைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்துக்கு எழுதச் சொல்லி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கோப்பு நகர்கிறது, அதாவது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு.

வெள்ளிக் கம்பி செய்துவிட்டோம். பத்தர் எதற்கு என்று கேட்டார், தண்ணீரில் ஈயம் பார்க்க என்றேன். வெள்ளியை வைத்து ஈயம் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று காசு குறைத்துக்கொண்டார்.

பென்சில் லீடு வேலை செய்கிறது! முதல் நாள் எதுவும் சரியாக வரவில்லை, வெறும் பஃபரிலேயே ஈய பீக் வந்துகொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, எங்கள் பீக்கர்கள்தான். பல வருடம் காரீய நைட்ரேட் வைத்து உப்புப் பகுப்பாய்வு செய்த பீக்கர்கள், சோப்புப் போட்டுக் கழுவினால் போகுமா. பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வாலைவடிநீரில் கழுவியதும் அடிக்கோடு சுத்தமாகிவிட்டது. இந்தத் தப்பு நடந்ததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன், பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெறும் கரைசலை ஓட்டிப் பார்ப்பது) எதற்கு என்று நான் பத்து வருடம் பேசிப் புரியாதது அன்றைக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பிள்ளைகள் கொண்டுவந்த ஊருணித் தண்ணீரில் ஈயம் எதுவும் தென்படவில்லை. குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 0.01 மி.கி. ஈயம், அதாவது 10 மைக்ரோகிராம். அதை நாமே சேர்த்துப் பார்த்தோம், பீக் தெளிவாகத் தெரிகிறது. தண்ணீரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

இனி சொம்பு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரசத்தை அப்படியே ஊற்றிப் பார்த்ததில் லீடின்மேல் என்னமோ படிந்து பீக்கே எழவில்லை, புளியும் பருப்பும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அப்புறம் பீங்கான் பாத்திரங்களுக்குச் செய்கிற மாதிரி 4 சதவீத அசிட்டிக் அமிலம் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதை பஃபரில் நீர்த்துப் பார்த்தோம். ஈயம் வரும் இடத்தில் மலை மாதிரி ஒரு பீக். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. நான் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த பீக் கொஞ்சம் அகலமாக, ஒரு பக்கம் தோள் தூக்கினாற்போல இருக்கிறது. இது உண்மையாகவே காரீயமா?

வெள்ளிக்_கம்பி

சொல்லாமல் இருந்தது ரொம்ப நல்லது சார். ஈயச்சொம்பு என்கிற பெயரே பாதிக் குழப்பம். தமிழில் வெள்ளீயமும் (டின்) ஈயம், தண்ணீரில் நாம் தேடுகிற காரீயமும் ஈயம். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அது 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, ரசத்தை ஊற்றிவிட்டு வை என்று வீட்டில் சொல்வார்கள். அசிட்டிக் அமிலம் ஒரு நாள் முழுக்க அதில் நின்றால் வெள்ளீயம் கரைந்து வரத்தான் செய்யும். பிஸ்மத்திலும் சரி, பாதரசத்திலும் சரி, வெள்ளீயத்தின் பீக்கும் காரீயத்தின் பீக்கும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். நீங்கள் பார்த்த தோள் அதுவாக இருக்கலாம், முழு மலையுமே வெள்ளீயமாகவும் இருக்கலாம்.

இதில் ஸ்டாண்டர்டு அடிஷனும் காப்பாற்றாது. ஈயத்தைச் சேர்க்கச் சேர்க்கக் கோடு நேராக ஏறும், பார்க்க அழகாக இருக்கும், பின்னால் நீட்டினால் வெள்ளீயத்தையும் சேர்த்து ஈயம் என்று கணக்குக் காட்டும். முதலில் வெறும் வெள்ளீயக் குளோரைடு கரைசலை ஓட்டி பீக் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிரிப்பதற்கு எளிய வழி ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் குடிநீரைத் தாண்டிப் போனதில்லை.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, பாதரசம் இல்லாத பதில்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பாடத்திட்டத்தில் சால்டர் பகுப்பாய்வு என்று ஒன்று இருந்தது, பற்றவைக்கிற ஈயத்தில் வெள்ளீயம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்ப்பது. அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்சினால் காரீயம் நைட்ரேட்டாகக் கரைந்துவிடும், வெள்ளீயம் மட்டும் கரையாமல் வெள்ளைப் பொடியாக அடியில் நிற்கும், மெட்டாஸ்டானிக் அமிலம் என்போம். உங்கள் சொம்பு ஊறிய அமிலத்தில் 50 மி.லி. எடுத்து, புகைக் கூண்டுக்குள் வைத்து, அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கிட்டத்தட்ட வற்றும்வரை காய்ச்சுங்கள். பழுப்புப் புகை வரும், வெளியே வைத்துச் செய்யவே கூடாது. மறுபடி கொஞ்சம் அமிலம் விட்டு வற்றவைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி, நெருக்கமான வடிதாளில் வடிகட்டுங்கள். மேலே நிற்பது வெள்ளீயம், கீழே இறங்குவதில் காரீயம் இருந்தால் இருக்கும். அதை பிஎச் சரிசெய்து உங்கள் பென்சிலைக் காட்டுங்கள். புளியிலோ வேறெதிலோ வந்த கரிமப் பொருள் இருந்தாலும் இந்தக் காய்ச்சலிலேயே பெரும்பாலும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. அந்த வெள்ளைப் பொடி கொஞ்சம் காரீயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பீக்கர் வையுங்கள், ஒன்றில் தெரிந்த அளவு ஈயம் சேர்த்து முழுக் காய்ச்சலும் செய்யுங்கள், போட்டதில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்று பார்த்தால் எவ்வளவு தொலைகிறது என்று புரியும். வெறும் அமிலத்தை மட்டும் வைத்து மூன்றாவது பீக்கரும் காய்ச்சுங்கள், நைட்ரிக் அமிலத்திலேயே கொஞ்சம் ஈயம் இருக்கக்கூடும்.

பென்சில் லீடு பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

பென்சில்_முனை

ஐயா, அந்த மீதிப் பாதிக்கு ஒரு நாள் நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

செக்காலை சார், சொம்பின் ஓரத்திலோ அடியிலோ பற்றவைத்த தையல் இருக்கிறதா என்று பாருங்கள். சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்து, பின்னால் யாராவது ஓட்டையை சால்டர் வைத்து அடைத்திருந்தால் காரீயம் அங்கிருந்துதான் வரும். பழைய பற்றுகளில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம் இருப்பது சர்வசாதாரணம்.

செக்காலை_வேதியியல்

சொம்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஒட்டு இருக்கிறது, நிறமும் மற்ற இடத்தைவிடக் கறுப்பு. எப்போது போட்டது என்று அந்தப் பெண்ணை வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன், ஆயாவுக்கு நினைவில்லை, ஆத்தாவுக்கும் தெரியவில்லை.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி மூன்று பீக்கரும் நாளைக்கே வைத்துவிடுகிறோம், புகைக் கூண்டின் காற்றாடியை இப்போதுதான் சரிபார்த்தேன், ஓடுகிறது. ஒரே சிக்கல், ஆயா சொம்பைத் திருப்பிக் கேட்கிறாராம், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், எவர்சில்வரில் வைத்தால் அது ரசமே இல்லையாம். சோதனை முடியவில்லை ஆயா, சொம்பு எங்களிடம் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று நானே போனில் பேசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்கும் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது, எவர்சில்வர் ரசம்தான்.